பிரிட்ஜில் ஒரு தீப்படம்

தாயில்பட்டியில் ஒரு வீடு வெடித்துவிட்டது என்று அப்துல் ஹலீமிடம் முதலில் சொன்னவர் வேலுச்சாமி. சிவகாசியில் ஹலீமின் பிரிட்ஜ் ரிப்பேர் கடைக்குப் பக்கத்துக் கட்டடம் ஓர் அச்சகம். வேலுச்சாமி அங்கே காகிதம் வெட்டும் மிஷினில் வேலை பார்த்தார். காலண்டர் சீசனில் அந்த மிஷின் நிற்காது. அவர் வெளியே வந்து நின்று பேசுகிறார் என்றால் எங்கோ ஏதோ வெடித்திருக்கிறது என்று பொருள்.

"பாய், கேட்டீகளா? தாயில்பட்டில ஒரு வீடு போச்சு."

"வீடா? பட்டாசுக் கம்பெனி இல்லியா?"

"வீடுதான். உள்ள வச்சு மருந்து அடைச்சிருப்பான். தீபாவளி நெருங்குது, எவன் சும்மா இருக்கான்? ஆஸ்பெட்டாஸ் கூரை ரோட்டுல வந்து கெடக்காம்."

"யாரு வீடு?"

"கம்பெனி வேன் நிக்கிற எடத்துல கலரு சோடா, சர்பத்து விப்பாள்ல, செல்லக்கனின்னு. அவ வீடு. புருசன் காளிராஜப் போலீஸ் தூக்கிட்டுப் போயிருச்சு. இதுல கூத்து என்னன்னா, பிரிட்ஜ் ரிப்பேர் பாக்கப் போனவன் நடுவுல மாட்டிக்கிட்டான். உங்க தொழில்காரன்தான் பாய். சங்கிலிமுத்துன்னு அந்த ஊர்க்காரன். நல்லவேள, அந்த ஆர்டர் உங்களுக்கு வரல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஹலீம் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார். உள்ளே யாரோ கூப்பிட்டதும் போய்விட்டார். மிஷின் சத்தம் திரும்பவும் தொடங்கியது.

ஹலீம் கையிலிருந்த குறடைக் கீழே வைத்தார். அந்தப் பிரிட்ஜுக்குக் கேஸ் நிரப்பியவர் அவர்தான். அந்த வீட்டில் எது வெடித்திருக்கும் என்று கேட்ட கணத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம், சங்கிலிமுத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனதையும் வேலுச்சாமியே வந்து சொன்னார். ஹலீம் கருவிகளை எடுத்து உள்ளே வைத்தார். கடையைச் சாத்திவிட்டு, சாத்திய கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

*

அதற்கு முந்தைய வருடம், 2003இல், மதுரையில் ஒரு பயிற்சி நடந்தது. பிரிட்ஜில் காலங்காலமாகப் போட்டுவந்த கேஸ் காற்றில் கலந்து மேலே போய், பூமிக்குக் குடையாக இருக்கும் ஓசோன் படலத்தைத் தின்கிறது என்றார்கள். அந்தக் கேஸை நிறுத்துவதாக நம் நாடு வெளிநாடுகளுக்கு முன்னால் கையெழுத்துப் போட்டுக் கெடுவும் ஒத்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். பயிற்சிக்குப் பணம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. மத்தியானச் சாப்பாடு அருமையாக இருந்தது.

அருப்புக்கோட்டையிலிருந்து வந்த ஒரு மெக்கானிக் எழுந்து, "சார், நாங்க பிரிட்ஜையே கண்ணால பாக்காத காலத்துல அவுக போட்ட ஓட்ட. அடைக்கிறதுக்கு மட்டும் எங்களக் கூப்பிடுதீகளா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சி கொடுத்த லட்சுமிகாந்தமும் சிரித்தார். ஆனால் பதில் சொல்லவில்லை. ஹலீமுக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

பழைய கேஸுக்குப் பதிலாக இரண்டு இருந்தன. ஒன்றை வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகள் செய்து விற்றன. அது எரியாது. விலையும் அதற்கான கருவிகளும் சின்னக் கடைக்காரனுக்கு எட்டாதவை. மற்றது சமையல் கேஸுக்குத் தம்பி மாதிரி. கொஞ்சம் போட்டால் போதும், நன்றாகக் குளிரும், இங்கேயே கிடைக்கும். ஆனால் எரியும். சமையல் கேஸுக்கு இருக்கும் நாற்றமும் அதற்குக் கிடையாது. லட்சுமிகாந்தம் இந்த இரண்டாவதன் கட்சி. பயிற்சியில் முக்கால்வாசி நேரம் அதன் எச்சரிக்கைகளுக்கே போனது. ஸ்விட்சைப் பொறி வெளியே வராமல் எப்படி மூட வேண்டும், கேஸை எப்படி வெளியே விட வேண்டும், எப்போது நெருப்பைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. கடைசியாக ஒவ்வொருவர் கையிலும் ஒரு கட்டு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். மஞ்சள் தாளில் கறுப்பாக ஒரு தீப்படம். இந்தக் கேஸ் போட்ட ஒவ்வொரு பிரிட்ஜிலும் ஒட்ட வேண்டும், அடுத்து வரும் மெக்கானிக் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த ஸ்டிக்கர் சிவகாசியில் அச்சானது. பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டும் எச்சரிக்கைச் சீட்டில் இருக்கும் அதே தீப்படம். அச்சகத்தில் அது தயாராக இருந்தது, எடுத்துப் போட்டுவிட்டார்கள். அதில் தவறு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. தீ என்றால் எங்கும் தீதானே.

ஹலீம் அந்தக் கேஸ் போடத் தாயில்பட்டிக்குப் போனபோது, செல்லக்கனி அந்தச் சீட்டைப் பார்த்ததும் சர்பத் கலக்குவதை நிறுத்திவிட்டாள்.

"பாய், இது பட்டாசுப் பெட்டில ஒட்டுறதுல்ல?"

"படம் அதுதாம்மா. இது பிரிட்ஜுக்குன்னு போட்டது. உள்ள இருக்க கேஸ் தீப்பிடிக்கும். நாளைக்கு வேற ஆளு ரிப்பேருக்கு வந்தா தெரியணும்ல."

"நல்லா வச்சீக போங்க! தாசில்தார் ஜீப்பு சோதனைக்குன்னு வாரத்துக்கு ரெண்டு தடவ தெருவுக்குள்ள வருது. இந்தப் படத்தப் பாத்தா, ஏலே காளிராஜு, வீட்டுக்குள்ள என்னலே பெட்டி வச்சிருக்கன்னு கேக்க மாட்டாகளா? எங்க வீட்டுக்காரரு கம்பெனில மருந்து கலக்குற ஆளு. அவுகளுக்கு அது ஒண்ணு போதும்."

"பின்னால ஒட்டுதேன். செவத்தப் பாத்து இருக்கும். யாரு கண்ணுலயும் படாது."

"என்னமும் செய்யுங்க. கலரு ஜில்லுன்னு இருக்கணும். எனக்கு அம்புட்டுதான்."

ஹலீம் பின்பக்கம், குழாய்களுக்கு மேலே ஒட்டினார். விரலால் அழுத்தித் தேய்த்தார். செல்லக்கனி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

*

வீடு வெடித்து நாலைந்து நாள் கழித்து ஹலீம் மொபெட்டில் தாயில்பட்டிக்குப் போனார். போகும் வழியெல்லாம் வேன்கள் ஆட்களை இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்தன. சன்னல்களில் தெரிந்த முகங்களிலும் கைகளிலும் அலுமினியப் பொடி பூசியிருந்தது. வெயில் பட்டபோது பளபளத்தது.

வீட்டுக்குக் கூரை இல்லை. சுவர்கள் நின்றன. கடையாக இருந்த முன்னறையில் உடைந்த பாட்டில்களும் உருகிய பிளாஸ்டிக் டப்பாக்களும் கிடந்தன. செல்லக்கனி பக்கத்து வீட்டிலிருந்து வந்தாள். வலது கை முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது.

"வாங்க பாய்," என்றாள்.

பிரிட்ஜ் மூலையில் சாய்ந்து கிடந்தது. முன்பக்கம் கரி. வெடித்ததில் புரண்டு பின்பக்கம் சுவரோடு சாய்ந்துவிட்டதால் அங்கே அவ்வளவாக வேகவில்லை. ஹலீம் குனிந்து பார்த்தார். ஒட்டடையும் அழுக்கும் படிந்த தகட்டில் ஒரு சீட்டளவுக்கு மட்டும் வேறு நிறம். ஓரத்தில் நகத்தால் சுரண்டிய கோடுகள். சுரண்டிய இடத்திலும் தூசி ஏறியிருந்தது. வெகு நாளைக்கு முன்பே கிழித்திருக்கிறார்கள்.

அவர் நிமிர்ந்தார். அவர் எதைப் பார்த்தார் என்பதை அவள் பார்த்திருந்தாள்.

வெளியே ஒரு வேன் வந்து நின்று, ஆள் இறக்கி, கிளம்பிப் போனது.

"நீங்க ஒட்டிட்டுப் போன மறுநா," என்றாள். "எதுத்த வீட்டுல சோதன போட்டாக பாய். கட்டில் மெத்தையெல்லாம் கிளிச்சாக. அடுத்து நம்ம வீடுதான்னு தோணிருச்சு. ஓடிவந்து உரிச்சு அடுப்புல போட்டுட்டேன்."

"சங்கிலிமுத்துகிட்டச் சொல்லலியா?"

"எனக்கு அது நெனப்பே இல்ல. கலரு குளுரலன்னு கூப்பிட்டேன். வந்தாரு, குளாய அறுத்தாரு. உஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சு. பேசிக்கிட்டேதான், குளாய ஒட்ட, அடுப்பு மாதிரி அந்தத் தீயப் பத்தவச்சாரு. நான் டம்ளர் கழுவ வாசலுக்கு வந்தேன்."

ஹலீமுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. பழைய கேஸ் எரியாது. குழாயை அறுத்து, கேஸை அறைக்குள்ளேயே விட்டுவிட்டு, உடனே தீயைக் காட்டிக் குழாயை ஒட்டவைப்பதுதான் எல்லா மெக்கானிக்கும் செய்வது. அவரும் பயிற்சிக்குப் போகும்வரை அதைத்தான் செய்தார். சன்னல் சாத்திய சின்ன அறை. முதலில் கேஸ் பிடித்திருக்கும். பிறகு சங்கிலிமுத்து கையில் வைத்திருந்த தீக்குழாயின் சிலிண்டரும் வெடித்திருக்கும்.

"மருந்து ஒரு பொட்டு இல்ல பாய் இந்த வீட்டுல. உங்களுக்குத் தெரியும். எம் பேச்ச யாரு கேக்கா? நீங்க வந்து சொல்லுங்க. அவுக வெளிய வரணும்."

"சொல்லுதேன்மா."

அவள் கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டாள்.

"கிளிச்சத மட்டும் சொல்லிராதீக. சங்கிலிமுத்து பொஞ்சாதி ஞானசுந்தரி என்கூட ஒரே வேன்ல கம்பெனிக்குப் போனவ. நான் கடை போடுறதுக்கு முந்தி பக்கத்துப் பக்கத்துலதான் உக்காந்து திரி சுத்துனோம். அவளுக்குத் தெரிஞ்சா நான் இந்த ஊருல எப்படி இருப்பேன்? ஒட்டவே இல்லன்னு சொல்லிருங்க பாய்."

ஹலீம் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரை நடந்தே போனார். பதில் சொல்லாமல் வந்துவிட்டோம் என்பது ஊரைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

*

"குளுர வைக்கிற கேஸு எப்படிய்யா எரியும்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"எரியும் சார். இது புதுக் கேஸு."

"இந்தப் பக்கம் எது வெடிக்கும்னு எனக்கா சொல்லித் தர்ற? காளிராஜ் சட்டையெல்லாம் சோதனைக்கு அனுப்பியாச்சு. மடிப்பு மடிப்பா அலுமினியப் பொடி."

"அது இங்க எல்லாரு சட்டையிலயும் இருக்கும் சார். கம்பெனிக்குப் போற ஆளுக வீட்டுல பாய், தலகாணி எல்லாத்துலயும் இருக்கும்."

இன்ஸ்பெக்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. களைத்தவர் மாதிரித் தெரிந்தது.

"உக்காரும் பாய். மாசம் ஒண்ணு இப்படி அள்ளிட்டு வாரேன். ஒவ்வொரு தடவையும் ஒருத்தன் வந்து, மருந்து இல்ல சார், அடுப்பு சார், கரண்டு சார்ங்கான். நீரு புதுசா பிரிட்ஜுன்னு சொல்லுதீரு. உம்ம பேச்ச மட்டும் வச்சு நான் ஒண்ணும் எழுத முடியாது. அந்தக் கேஸு எரியும்னு படிச்ச ஆளு, சர்க்கார் ஆளு ஒருத்தர் வந்து சொல்லணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சொன்னா அவனுக்குப் பதிலா நீரு உள்ள போவீரு. ஒரு உசுரு போயிருக்கு. யோசிச்சுக்கிரும்."

வீட்டில் மனைவி கைருன்னிசா அதையே வேறு விதமாகச் சொன்னாள். சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க ஒட்டினீகளா இல்லியா?"

"ஒட்டினேன்."

"அப்ப அத அப்படியே சொல்லுங்க. அந்தப் புள்ள உரிச்சுப் போட்டதுக்கு நீங்க என்ன செய்வீக? நம்ம மக நசிமாவுக்கு நிக்காஹ் பேசிட்டு இருக்கோம். பொண்ணோட அத்தா ஜெயில்லன்னு சொல்லவா?"

"அவளும் ஒரு பொம்பள, கைருன்னிசா. அந்தத் தெருவுலதான் இருக்கணும்."

"நான் ஆம்பளையா?" என்றாள் அவள்.

அவள் எழுந்துபோய் அடுப்படி விளக்கை அணைத்தாள்.

*

மதுரையில் லட்சுமிகாந்தம் முழுவதையும் கேட்டார். அவருடைய மேசைக்குப் பின்னால் பூமியின் படம் ஒன்று மாட்டியிருந்தது. தென்துருவத்தின் மேல் நீலமாக ஒரு பெரிய ஓட்டை. மனிதர்கள் யாரும் குடியிருக்காத இடம்.

"ஸ்டிக்கரை எடுத்துட்டாங்களா," என்று கடைசியில் கேட்டார். அது கேள்வியாக இல்லை.

"ஆமா சார். நீங்க ஒரு தடவ ஸ்டேஷனுக்கு வந்து, இந்தக் கேஸு எரியும்னு சொன்னாப் போதும்."

லட்சுமிகாந்தம் எழுந்து சன்னலோரம் போனார்.

"அடுத்த வாரம் வெளிநாட்டுலேருந்து திட்டத்தைப் பார்வையிட வர்றாங்க, பாய். உங்க கடைக்கும் வர்றாங்க. மாதிரிக் கடைன்னு உங்களைத்தான் சொல்லிருக்கோம். இப்ப இது வெளிய போச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா? ஒரே வார்த்தை, விபத்துன்னு எழுதுவாங்க. அந்தப் பெரிய கம்பெனிக்காரங்க அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. அப்புறம் அவங்க கேஸ் ஒண்ணுதான் மிஞ்சும். உங்க மாதிரி சின்னக் கடைங்க அத வாங்கித் தொழில் பண்ண முடியுமா?"

"முடியாது சார்."

"பழைய கேஸ நிறுத்தச் சொல்றது ஒரு நாடு. இந்தக் கேஸ் போடுன்னு காசு தர்றது ஒரு நாடு. அந்தக் கேஸ் வாங்குன்னு சொல்றது இன்னொரு நாடு. நமக்குன்னு கொஞ்சம் இடம் கிடைச்சது இதுல மட்டும்தான். அதையும் விட்டுரணுமா?" அவர் திரும்பினார். "அவங்க போயிரட்டும். போன மறுநாளே நான் உங்ககூட ஸ்டேஷனுக்கு வர்றேன். சத்தியமா வர்றேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்று ஹலீமுக்குத் தெரிந்தது. அவர் சொன்னது அத்தனையும் நியாயமாகவும் இருந்தது. அந்த நியாயத்துக்குள் விருதுநகர் கிளைச் சிறையில் உட்கார்ந்திருக்கும் காளிராஜுக்கு மட்டும் இடம் இல்லை.

ஹலீம் ஒன்றும் சொல்லாமல் எழுந்தார். லட்சுமிகாந்தம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

*

பார்வையிட வருகிற நாளன்று காலையில் கடையைக் கழுவிவிட்டுக் கருவிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் செல்லக்கனி நின்றாள். உள்ளே வரவில்லை.

"ஜாமீன் தள்ளிட்டாக பாய். சட்டையில மருந்து இருந்துச்சாம்."

அவர் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கையிலேயே வைத்திருந்தார்.

"நேத்துப் போயிப் பாத்தேன். அந்த பாய் வருவாரு வருவாருன்னு சொல்லிட்டே இருக்கியே, எங்கன்னு கேக்காரு. நான் என்ன சொல்லட்டும்?"

பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தானே சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

பதினோரு மணி வாக்கில் கார் வந்தது. வெள்ளைத் தலைமுடியுடன் ஒரு வயதான வெளிநாட்டு அம்மா, டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி, லட்சுமிகாந்தம். வேலுச்சாமியும் அச்சக ஆட்களும் வாசலில் கூடிவிட்டார்கள். "பாயி பெரிய ஆளாயிட்டாரு. இனி நம்ம வீட்டு பிரிட்ஜையெல்லாம் தொடுவாரா?" என்று யாரோ சொன்னது உள்ளே கேட்டது. அந்த அம்மா ஒவ்வொரு கருவியையும் தொட்டுப் பார்த்தார். புரியாதபோது திரும்பத் திரும்பக் கேட்டார். அவருடைய அக்கறை உண்மையாக இருந்தது. கடைசியில், சிரமம் ஏதாவது உண்டா என்று கேட்டார். எல்லா இடத்திலும் கேட்கும் கேள்வி.

லட்சுமிகாந்தம் தமிழில் சொல்லிவிட்டு ஹலீமின் முகத்தையே பார்த்தார்.

"நான் கேஸ் போட்ட ஒரு பிரிட்ஜ் வெடிச்சு ஒருத்தரு இறந்துட்டாருன்னு சொல்லுங்க சார்," என்றார் ஹலீம். "பட்டாசுன்னு நெனச்சு, ஒரு தப்பும் செய்யாத ஆளப் பிடிச்சு உள்ள வச்சிருக்காகன்னு சொல்லுங்க."

வாசலில் இருந்த பேச்சு நின்றது. அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். லட்சுமிகாந்தம் ஆங்கிலத்தில் வேறு எதையாவது சொல்லிவிடுவார் என்று ஹலீம் நினைத்தார். சொன்னாலும் தனக்குத் தெரியப்போவதில்லை என்றும் நினைத்தார்.

லட்சுமிகாந்தம் மெதுவாகப் பேசத் தொடங்கினார். அந்த அம்மாவின் பேனா நின்றதையும், டெல்லி அதிகாரி தரையைப் பார்த்ததையும் வைத்து, அவர் சொல்வது அதுதான் என்று ஹலீம் தெரிந்துகொண்டார்.

ஸ்டிக்கர் ஒட்டினீர்களா என்று கேட்டார் அந்த அம்மா. ஒட்டினேன் என்றார், வாசலில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில். பிறகு என்ன ஆயிற்று? கிழித்துவிட்டார்கள். ஏன்? சோதனையைப் பற்றியும், பட்டாசுப் பெட்டியில் இருக்கும் அதே படத்தைப் பற்றியும் ஹலீம் அதே குரலில் சொன்னார். யார் கிழித்தார்கள் என்று சொல்லவில்லை. இந்த ஊர் அச்சகத்திலேயே அது அச்சானது என்றதும் அந்த அம்மா நிமிர்ந்து, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். வெகு நேரம் எழுதினார். கிளம்பும்போது ஹலீமின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

உள்ளே இருப்பவரின் பெயர் என்ன என்று அவர் கேட்கவில்லை.

*

அடுத்த வாரம் லட்சுமிகாந்தம் பஸ்ஸில் தனியாக வந்தார். கடையில் இருந்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். டீயை ஆறவிட்டுவிட்டுப் பேசினார்.

"நிறுத்திட்டாங்க, பாய். நம்ம திட்டத்துல இனி வீட்டு பிரிட்ஜுக்கு இந்தக் கேஸ் கிடையாது. எழுதியிருக்கறது என்ன தெரியுமா? இங்க உள்ள மக்கள் எச்சரிக்கையைக் கிழிச்சுப் போட்டுருவாங்களாம். அதனால எரியிற பொருள் இவங்களுக்குச் சரிப்படாதாம்." வாசல் பக்கம் கையைக் காட்டினார். "சிவகாசியப் பாத்துச் சொல்றாங்க. ஒரு கைப்பிடிக் கேஸை வச்சுக்க இவங்களுக்குத் தெரியாதாம்."

அவர் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகு ஒன்றும் மிச்சமில்லை.

"அடுத்த பயிற்சி அந்தப் பெரிய கம்பெனிக் கேஸுக்கு. நான்தான் சொல்லிக்கொடுக்கணும்."

"நான் சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

லட்சுமிகாந்தம் டீயின் மேல் படிந்த ஆடையைப் பார்த்தார். "வாங்க, ஸ்டேஷனுக்குப் போவோம்," என்றார்.

இன்ஸ்பெக்டர் லட்சுமிகாந்தத்தை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். தாயில்பட்டிக்கு ஆள் அனுப்பி செல்லக்கனியையும் ஞானசுந்தரியையும் வரவழைத்தார். இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஞானசுந்தரிக்குச் சின்ன வயது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லக்கனி தன் நல்ல கையை அவளுடைய முதுகில் வைத்திருந்தாள்.

"அப்ப அது மருந்து இல்ல," என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்ல சார்," என்றார் லட்சுமிகாந்தம். "கேஸ்தான். நான் எழுதியே தர்றேன்."

"காளிராஜ் சமாச்சாரத்தை நான் கோர்ட்டுக்குத் திருத்திச் சொல்லிர்றேன். வெளிய வந்துருவான்." அவர் ஹலீம் பக்கம் திரும்பினார். "உம்ம சமாச்சாரத்துக்கு வருவோம். இந்த மாதிரிக் கேஸ் போட்டா எச்சரிக்கைச் சீட்டு ஒட்டணும்னு சார் சொல்லுதாரு. நீரு ஒட்டினீரா?"

ஒட்டினேன் என்றால் அவர் வீட்டுக்குப் போகலாம். கைருன்னிசா காலையில் சட்டையை எடுத்துக் கொடுத்தபோது அந்த ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் அந்த அம்மாவிடம் என்ன சொன்னார் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த லட்சுமிகாந்தத்துக்குத் தெரியும். ஹலீம் பெஞ்சைப் பார்த்தார். செல்லக்கனி அவரைப் பார்க்கவில்லை. தன் காலடியையே பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"ஒட்டல சார்," என்றார் ஹலீம்.

லட்சுமிகாந்தம் சட்டென்று திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹலீமின் முகத்தைப் பார்த்தார், பிறகு பெஞ்சைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏன் ஒட்டல?"

"அசட்டையா இருந்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் எழுதினார். எழுதி முடிக்கும் முன்பே ஞானசுந்தரி எழுந்து வந்துவிட்டாள். அழவில்லை. கோபமாகவும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று இருந்தது.

"பாய், அந்தச் சீட்டு அங்கன இருந்திருந்தா அவுக பாத்திருப்பாகளா?"

"பாத்திருப்பாருமா."

"பாத்திருந்தா தீயக் காட்டிருக்க மாட்டாகள்ல?"

"மாட்டாரு."

"அப்ப உசுரோட இருந்திருப்பாகளா?"

இதற்கு அவரிடம் பொய் இல்லை.

"இருந்திருப்பாரு தாயி," என்றார்.

ஞானசுந்தரி தலையை ஆட்டிக்கொண்டாள். திரும்பிப் போய்ப் பழைய இடத்தில், செல்லக்கனியை ஒட்டி உட்கார்ந்தாள். செல்லக்கனியின் கை பழக்கத்தில் அவளுடைய முதுகை நோக்கி உயர்ந்தது. பாதியில் நின்றது. அப்புறம் அவள் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில், கட்டுப் போட்ட கைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.